மேலிடத்துக்கு ஒரு ரிமோட்

என் உயிர் என் அக்கா புருஷன் கையில் இருந்தது. சினிமா வசனம் போலத் தோன்றலாம். என்னைப் பொறுத்தவரை அது வேலை விவரம். இரும்புத் தகடு வந்து இறங்கும் கிடங்கில் மாமா கிரேன் ஓட்டினார். நான் கீழே நின்று அவருக்கு வழி சொல்கிறவன். கூரைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டிய தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. அதன் கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். ஒரு குடும்பமே பாய் விரித்துப் படுக்கலாம் போன்ற தகடுகள் சங்கிலியில் தொங்கியபடி போகும். சுமை யார் தலைக்கு மேலும் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவர் எங்கள் கிடங்கின் அகலத்தைப் பார்த்தவரில்லை.

கிடங்கில் மாமாவுக்குப் பெயர் மேலிடம். எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்," "மேலிடம் இன்னிக்கு நல்ல மூடுல இருக்கு" என்று சாப்பாட்டு நேரத்தில் ஓட்டுவார்கள். மாமாவும் அதை ரசிப்பார். சுமை தூக்கும் ஆளாக வந்து சேர்ந்தவர், எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஏணியில் ஏறி, பழைய ஓட்டுநரின் பக்கத்தில் நின்றே வேலையைக் கற்றுக்கொண்டார். ஏறியவர் இறங்கவில்லை. தகட்டைத் தரையில் வைத்தால் சத்தமே வராது. என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். முதல் நாள் நான் பயந்து நின்றபோது, அவ்வளவு உயரத்திலிருந்து கொக்கியை இறக்கி என் ஹெல்மெட்டை லேசாகத் தட்டினார். கிடங்கே சிரித்தது. அன்றோடு என் பயம் போய்விட்டது. இந்த ஆள் மேலே இருக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.

முன்பெல்லாம் கையால்தான் சைகை. கட்டை விரல் மேலே பார்த்தால் தூக்கு, கீழே பார்த்தால் இறக்கு, கையை விரித்துக் காட்டினால் நில். நில் என்ற சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும். பிறகு மாமாவே போய் சூப்பர்வைசரிடம் பேசி வாக்கி-டாக்கி வாங்கி வந்தார்.

"கைய ஆட்டி ஆட்டி உனக்குத் தோள் போயிடும் மாப்ள. இனிமே வாயால சொல்லு. ஆனா பேசிக்கிட்டே இருக்கணும். உன் பேச்சு நின்னா நான் நின்னுடுவேன். அது நம்ம கணக்கு."

என் தோளைப் பற்றி யோசிக்கிற ஒரே மனிதர் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்காவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவள் "ஆமாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்குக் குனிந்துகொண்டாள். அவள் வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். வாய் ஓயாதவள். அன்று ஏன் ஒரு வார்த்தையோடு நிறுத்தினாள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

அதிலிருந்து கிடங்கில் ஒவ்வொரு சுமையும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். மேலிருந்து "சொல்லு மாப்ள" என்று குரல் வரும். நான் ஆரம்பிப்பேன். "தூக்கு, தூக்கு, தூக்கு, நில். வலது, வலது, இன்னும் வலது, மெதுவா, மெதுவா, நில். இறக்கு, இறக்கு..." சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பெண்டாட்டியோடு பேசத் தொண்டை மிச்சமிருக்காது. அவள் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா ஹோம் தியேட்டர் வாங்கினார். மகள் கல்யாணமாகி வெளியூர் போனபிறகு அந்த வீட்டில் சத்தம் குறைந்திருந்தது உண்மை. ஆனாலும் அவர் அப்படி ஆசைப்படுகிற ஆள் இல்லை. முன்னறையில் டிவிக்கு இரண்டு பக்கமும் இரண்டு, நாற்காலிக்குப் பின்னால் இரண்டு, மூலையில் குட்டிப் பெட்டி ஒன்று என்று ஸ்பீக்கர்களை மாட்டிவிட்டுப் போனார்கள். "கிடங்குச் சத்தம் பத்தலையாம், வீட்டுக்கும் கொண்டுவந்துட்டாரு," என்றாள் அக்கா. வேறொரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாற்காலியை டிவிக்கு நேராகப் போடாமல் பக்கவாட்டில் போட்டிருந்தார். படம் ஓடும்போது அவர் முகம் அலமாரியைப் பார்த்திருக்கும்.

"மாமா, படம் அங்க ஓடுது."

"பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டுலயும் சத்தம் சமமா வரணும்னா இப்படித்தான் உட்காரணும் மாப்ள. உனக்கு இதெல்லாம் தெரியாது."

தெரியாதுதான். நம்பினேன்.

டிவிக்கு ஒரு ரிமோட், செட்-டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று. மூன்றும் கறுப்பு, மூன்றும் ஒரே நீளம். அவர் ஒன்றை எடுத்து அழுத்துவார், திரை நீலமாகிவிடும். இன்னொன்றை அழுத்துவார், சத்தம் போய்விடும். மூன்றாவதை அழுத்தினால் எல்லாமே அணைந்துவிடும். தைத்துக்கொண்டிருக்கும் அக்கா துணியைப் போட்டுவிட்டு எழுந்து வருவாள். கிடங்கில் எத்தனையோ பிடிகளையும் பட்டன்களையும் ஆட்டிவைக்கிற மனிதர் வீட்டில் இப்படித் திண்டாடுவதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அவரும் சிரிப்பார். எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. படத்தில் யாரும் பேசாத இடம் வந்தால், பாட்டும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் சில நொடி போனால், அவர் கட்டை விரல் தானாகப் போய் நிறுத்துகிற பட்டனை அழுத்திவிடும். படம் அப்படியே நிற்கும். "ஐயோ, பழக்க தோஷம்," என்று மறுபடி ஓடவிடுவார். உருக்கமான கட்டத்தில் இப்படி நிறுத்தினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அழ ஆரம்பித்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அக்கா அவரைத் திட்டுவாள்.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ரிமோட் விக்கறாங்களாமே. நீ கூட்டிட்டுப் போடா. சுலபமா இருக்கணும். அவர் கைக்குப் பிடிச்சதா இருக்கணும்," என்று அவள்தான் சொன்னாள்.

கடையில் ஓர் இளம்பெண் வந்தாள். விற்பனைக்கென்றே பிறந்தவள். முதலில் பட்டனே இல்லாத ஒன்றைக் காட்டினாள். முழுக்கக் கண்ணாடி, தொட்டால் ஒளிரும். மாமா கையில் வாங்கி விரலால் தடவினார். எங்கே தடவினாலும் வழவழப்பு. திரையில் எதுவோ மாறிக்கொண்டே போனது. சுட்டதுபோலத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது வேணாம்மா. அழுத்தினா உள்ள போகணும். கைக்குத் தெரியணும்."

அடுத்தது போனிலேயே வேலை செய்யுமாம். வேண்டாம் என்றார். அடுத்ததில் எறும்புக் கூட்டம்போல் பட்டன்கள். கட்டை விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "அதுமேலயே எழுதியிருக்கே சார்," என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரிமோட்டையும் அவர் குனிந்து பார்க்கவில்லை. கடை வாசலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் விரலால் விசாரித்தார். ஒவ்வொன்றிலும் அவர் முதலில் தேடியது ஒன்றைத்தான்.

"நிறுத்துற பட்டன் எங்கம்மா இருக்கு? அத மொதல்ல காட்டு."

கடைசியில் அந்தப் பெண் கீழ் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். தடிமனான ரிமோட். பட்டன்கள் கொஞ்சம்தான், ஒவ்வொன்றும் ஒரு வடிவம். சத்தத்துக்கு நீளமானது, சேனலுக்கு உருண்டை, நிறுத்துவதற்குச் சதுரம். மேலே இருக்கும் பெரிய பட்டனை ஒரு தடவை அழுத்தினால் டிவி, பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றும் வரிசையாக உயிர்பெறும். "வயசானவங்க, கண்ணு மங்கலானவங்க நிறைய பேர் இதத்தான் வாங்கறாங்க," என்றாள். மாமாவின் முகம் சுருங்கியது. ஆனால் கட்டை விரல் அந்தச் சதுரத்தைக் கண்டுபிடித்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"இதையே கொடு," என்றார்.

காசு கொடுக்கும் இடத்தில் எங்கள் சூப்பர்வைசர் நின்றிருந்தார், குடும்பத்தோடு. மாமாவைப் பார்த்துச் சிரித்துக் கை தூக்கினார். மாமா அவரை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவரைத் தாண்டுவதுபோல் தாண்டப் போனார். சூப்பர்வைசரின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னங்க, மேலிடம் நம்மள கண்டுக்கவே மாட்டேங்குதே?" என்று அவர் வாய் திறந்ததும்தான் மாமா துள்ளித் திரும்பினார். "அட, சார்! ஏதோ யோசனை சார், மன்னிக்கணும்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். சூப்பர்வைசர் சமாதானமாகிவிட்டார்.

வழியில் கேட்டேவிட்டேன். "மாமா, கண்ணு டாக்டரைப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? போன தடவை கம்பெனி டெஸ்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சேனே. நீயும்தானே வரிசையில நின்ன?"

நின்றேன். அவர் படித்ததைக் கேட்டேன். அப்படியானால் சந்தேகம் என் புத்தியில்தான் என்று மென்று விழுங்கினேன். வீட்டில் பழைய ரிமோட்டுகளைப் புதியதின் முகத்துக்கு நேரே வைத்து, அது கற்றுக்கொள்ளும்படி ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டிருந்தேன். தையல் மிஷின் மேல் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தது. அடர்ந்த அரக்குச் சிவப்பு.

"அக்கா, இந்த வயசுல இது வேறயா?"

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஒரு நகத்திலும் பூச்சு இல்லை. பிறகு ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி, பெரிய பட்டன்மேல் ஒரு சொட்டு, சதுரத்தின்மேல் இரண்டு சொட்டு வைத்து ஊதி ஊதிக் காயவைத்தாள். காய்ந்ததும் அது மணல்மணிபோல் விரலில் தட்டுப்பட்டது. "அடையாளத்துக்குடா. உங்க மாமா கண்ணாடி போடச் சோம்பேறி," என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த வாரத்திலேயே நடந்தது. எங்களோடு வேலை பார்க்கிற ஒருவரைச் சங்கிலி என்று கூப்பிடுவோம். தகட்டில் சங்கிலியை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. புதிதாகக் கல்யாணமானவர். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எல்லோரும் எட்டிப் பார்த்துக் கேலி செய்வோம். அன்று தகடு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே மரக்கட்டைகளை வரிசையாக வைத்து அதன்மேல்தான் இறக்குவோம். நான் இந்தப் பக்கம், சங்கிலி அந்தப் பக்கம். நடுவில் தகடு எங்களுக்கு மார்பு உயரத்தில் இருந்தது. கடைசிக் கட்டை கோணலாக இருந்ததைச் சங்கிலி காலால் தள்ளப் போய், அவருடைய பூட்ஸ் கட்டைக்கும் தரையில் பதித்திருந்த தள்ளுவண்டித் தண்டவாளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

தகட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கைகள் மேலே எழுந்தன. விரல்கள் விரிந்திருந்தன. நில் என்று அர்த்தம். என் வாய் "இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததற்கும் வாய் நின்றதற்கும் நடுவில் ஒரு நொடி போயிருக்கும். ஆனால் மேலே இருந்தவருக்கும் அந்தக் கைகளுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. கண்ணாடியைத் தவிர வேறு மறைப்பு இல்லை. கிரேன் நிற்கவில்லை.

"நில்! நில்! நில்லுங்க மாமா!"

நின்றது. கட்டை நெரிந்து பிளந்திருந்தது. சங்கிலியின் பூட்ஸ் முனையிலிருந்த இரும்பு மூடி உள்ளே அமுங்கிப் போயிருந்தது. மறுபடி தூக்கச் சொல்லிக் காலை உருவியபோது விரல்கள் எல்லாம் இருந்தன. அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார்.

"யோவ் மேலிடம், கண்ணு அவிஞ்சு போச்சா?"

பிழைத்துவிட்ட நிம்மதியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாக்கி-டாக்கியில் மாமாவின் குரல் வந்தது. "கூரை ஓட்டை வழியா வெயில் அடிச்சுது மாப்ள. கண்ணு கூசிடுச்சு." அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் கைகழுவப் போனதும் நான் ஏணியில் ஏறினேன். அந்தக் கூண்டுக்குள் நான் போனதே குறைவு. உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கப் பிடியின் தலையில் அரக்குச் சிவப்பில் ஒரு சொட்டு. இடது பக்கத்தில் இரண்டு. ஹாரன் மேல் ஒன்று. எல்லாவற்றையும் நிறுத்துகிற பெரிய பட்டனின் மேல், பதற்றத்தில் வைத்ததுபோல், நாலைந்து சொட்டுகள். சுமையின் எடையைக் காட்டும் சின்னத் திரையில் தூசி அப்பிக்கிடந்தது. அதை யாரும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். அக்கா வீட்டு ரிமோட்டில் தட்டுப்பட்ட அதே மணல்மணி.

அப்போதுதான் கண் டெஸ்ட் வரிசை நினைவுக்கு வந்தது. "நீங்க போங்க, நீங்க போங்க" என்று எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு மாமா கடைசியில் நின்றார். பெருந்தன்மை என்று பேசிக்கொண்டோம். முன்னால் போன ஒவ்வொருவரும் அந்த எழுத்துகளை உரக்கப் படித்தோம். அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா முன்னறையில் படம் போட்டிருந்தார். ஏதோ சண்டைக் காட்சி, சுவர் அதிர்ந்தது. சமையலறையில் அக்காவைப் பிடித்தேன்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"நடுவுலதான்டா போச்சு. ஓரத்துல தெரியுது, நடுவுல ஒரே கறை. ஊசியெல்லாம் போட்டாச்சு. இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "என்னையே பக்கவாட்டுலதான் பார்க்கறாரு. நேராப் பார்த்தா நான் இல்லையாம்."

"நெயில் பாலிஷ்?"

"ரிமோட்டுக்குன்னுதான் வாங்கினேன். நடுவுல ஒருநாள் பாட்டிலைக் காணோம். மறுநாள் திரும்பி வந்துச்சு. எதுக்கு எடுத்துட்டுப் போனாருன்னு நான் கேட்கலை. கேட்டா சொல்லிடுவாரோன்னு பயம்."

"அக்கா, கீழ நான் நிக்கறேன்."

"நீ நிக்கறேன்னுதான்டா விட்டேன்!" அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யார் நின்னாலும் விட்டிருக்க மாட்டேன். நீ பேசறத வெச்சு அவரு ஓட்டிடுவாரு. இத்தனை நாள் ஓட்டலையா? நீ கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்துக்கோடா. கொஞ்ச நாள். அந்தக் கூண்டை விட்டா அந்த மனுஷனுக்கு என்ன இருக்கு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கிருந்த பாத்திரத்தையெல்லாம் தூக்கி எறிந்திருக்கலாம். என் அக்கா என்னை ஒரு குருடனின் சுமைக்குக் கீழே தெரிந்தே நிறுத்தியிருக்கிறாள். அதே அக்காதான் உலகத்திலேயே என் ஒருவனை மட்டும் நம்பி அதைச் செய்திருக்கிறாள். இதில் எதற்காகக் கத்துவது? "எனக்குத் தெரியறதத்தானே நான் சொல்ல முடியும்? சங்கிலி அந்தப் பக்கம் இருந்தாரு. அவரு பெண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?" என்று ஆரம்பித்தேன். அழுகைதான் வந்தது.

அப்போதுதான் கவனித்தோம். முன்னறையில் சத்தமே இல்லை. படம் நின்றிருந்தது. எந்த நேரத்தில் நிறுத்தினார், எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் எழுந்து வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சண்டைக் காட்சி விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நாளைக்குப் பெரிய வண்டி வருது மாப்ள. சீக்கிரம் வந்துடு."

"சரி மாமா," என்றேன். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனிதரைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை, காட்டிக்கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. வழி முழுக்க எனக்குள்ளேயே பேசிக்கொண்டு போனேன். சூப்பர்வைசரிடம் சொல்வதுபோல் ஒரு தடவை, சொல்லாததுபோல் ஒரு தடவை.

காலையில் வண்டி வந்து நின்றது. மாமா ஏணியில் ஏறினார். சங்கிலி புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தகட்டில் சங்கிலியை மாட்டிவிட்டு, எனக்குத் தெரியாத அந்தப் பக்கத்துக்குப் போய் நின்றுகொண்டார். சூப்பர்வைசர் கையிலும் ஒரு வாக்கி-டாக்கி இருந்தது.

"சொல்லு மாப்ள," என்றது மேலிடம்.

நான் வாயைத் திறந்தேன். தூக்கு என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"மாப்ள?"

கிரேன் அசையவில்லை. பேச்சு இல்லையென்றால் அசைவு இல்லை. அது எங்கள் கணக்கு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நேற்றுபோல் ஓடும். நான் வாக்கி-டாக்கியைக் கையில் பிடித்தபடி நின்றேன். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "என்னய்யா, செட்டு கெட்டுப் போச்சா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகம் அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். என் மௌனம் அவருக்குக் கேட்டிருக்கும்.

வெகுநேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அவர் குரல். எனக்கு மட்டும் கேட்பதாக நினைத்துச் சொன்னாரா, தெரியவில்லை. சூப்பர்வைசர் கையிலிருந்த செட்டிலும் அதே குரல் வந்தது.

"கீழ இறங்கிட்டா நான் யாருடா மாப்ள?"

கூண்டு விளக்கு அணைந்தது. மாமா ஏணியில் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததில் கால் வைத்தார். இப்படித்தான் தினமும் இறங்கியிருப்பார், நாங்கள் யாரும் கவனித்ததில்லை. சூப்பர்வைசர் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தபடி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"சார், எனக்கு நடுவுல தெரியல. ரொம்ப நாளா."

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சங்கிலி தன் புது பூட்ஸைக் குனிந்து பார்த்தார். பிறகு போய் மரக்கட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

கௌரவமாக அனுப்பினார்கள். அதாவது சீக்கிரமாக அனுப்பினார்கள். சங்கிலி அதன்பிறகு மாமாவை வந்து பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். போனால் டீ வரும். டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். கிடங்கில் இப்போது மேலே ஓர் இளைஞர் வந்திருக்கிறார். கூர்மையான கண். மறுபடி கையால்தான் சைகை. அவரை யாரும் மேலிடம் என்று கூப்பிடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போயிருந்தேன். மாமா அந்த நாற்காலியில் அதே பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். இப்போது அதற்குக் காரணம் சொல்வதில்லை. கையில் அந்தத் தடித்த ரிமோட். சொட்டுகள் தேய்ந்து அக்கா மறுபடி வைத்திருந்தாள். படத்தில் பேச்சு நின்றது. யாரோ நடக்கிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. கட்டை விரல் சதுரத்தை அழுத்தியது. திரை நின்றது.

பழக்க தோஷம் என்று சொல்லி ஓடவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் ஓடவிடவில்லை.

"சொல்லு மாப்ள," என்றார்.

திரையைப் பார்த்தேன். "ஒரு வீட்டு வாசல் மாமா. ஒருத்தன் வெளிய நிக்கறான். உள்ள வரலாமா வேணாமான்னு யோசிக்கறான். ஒரு அம்மா உள்ள துணி மடிக்கறாங்க. அவன் வந்தது தெரியும், ஆனா திரும்பிப் பார்க்கல."

"ம். மூஞ்சி எப்படி இருக்கு?"

"கோபமா இருக்காங்க. ஆனா பார்த்தா அழுதுடுவாங்க போல."

அவர் படத்தை ஓடவிடவில்லை. உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுவிட்டது. அக்கா கதவோரம் வந்து நின்றாள். கையில் பாதி தைத்த சட்டை.

"உங்க அக்கா வந்திருக்காளா?"

"வந்திருக்கா மாமா."

"அவ மூஞ்சியச் சொல்லு."

பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அக்கா உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு எனக்கு நேராக நின்றாள்.

"முன்பக்கம் நரைச்சிருக்கு மாமா," என்று ஆரம்பித்தேன். "வலது பக்கம் கொஞ்சம் அதிகம். நெத்தியில ஒரு கோடு விழுந்திருக்கு, அது நான் வந்தா இன்னும் ஆழமாகும். கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கு. தூங்கறதில்லன்னு நினைக்கறேன். மூக்கு சிவந்திருக்கு..."

"மெதுவா, மெதுவா," என்றார் மாமா.

அவர் கட்டை விரல் அந்தச் சதுரத்தின்மேலேயே இருந்தது. நான் மெதுவாகச் சொன்னேன். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.